ஒரே பாக்கெட்டில் படுக்கும் சர்வர்

ஆன்லைன் மேட்ச் நடுவில் அறுந்தால் திருநெல்வேலியில் முதல் போன் கேபிள்காரருக்குத்தான் போகும். பல நாள் அது சரியான போன்தான். ரோட்டைத் தோண்டும்போது ஃபைபரை வெட்டியிருப்பார்கள், இல்லையென்றால் கரண்ட் போய்த் தெருமுனைப் பெட்டி அணைந்திருக்கும். ஆனால் வாட்ஸ்அப் ஓடுகிறது, யூடியூப் ஓடுகிறது, பெருமாள்புரத்தில் இருப்பவனும் வள்ளியூரில் இருப்பவனும் சென்னை ஹாஸ்டலில் இருப்பவனும் ஒரே நொடியில் ஆட்டத்திலிருந்து வெளியே விழுகிறார்கள் என்றால் கேபிள்காரர் மேல் தப்பில்லை. அந்தப் பக்கம் ஆட்டத்தை நடத்தும் கம்ப்யூட்டர், அதாவது சர்வர், படுத்துவிட்டது.

சர்வர் படுக்க இரண்டு வழி உண்டு. நம் பக்கத்தில் குளம் உடைவதும் அப்படித்தான். மறுகால் தாங்காத அளவுக்கு வெள்ளம் வந்து கரை உடையலாம். வெள்ளமே வராமல், நண்டு போட்ட வளை வழியே தண்ணீர் கசிந்து கசிந்தும் கரை உடையலாம். செய்தியில் அடிபடுவது முதல் வகை: லட்சக்கணக்கான கருவிகளிலிருந்து ஒரே சர்வர் மேல் குப்பைத் தகவலைக் கொட்டுவது. டிடாஸ் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். இரண்டாவது வகைக்குப் படை பலம் எதுவும் வேண்டாம். சர்வர் மென்பொருளில் ஒரு பிழை, அந்தப் பிழையைச் சரியாகப் போய்த் தொடும்படி செய்த ஒரு பாக்கெட் (நெட்டில் தகவல் போகும் சிறு பொட்டலம்), அவ்வளவு போதும். சாதாரண மொபைல் டேட்டாவிலிருந்தே அனுப்பிவிடலாம். இரண்டையும் சேர்த்து சேவை மறுப்பு என்கிறார்கள். நான் இங்கே அதிகம் பேசப்போவது இரண்டாவதைப் பற்றி. முதலாவதைத் தடுக்கப் பெரிய பணம் வேண்டும். இரண்டாவதற்குக் கவனம் போதும். அந்தக் கவனம் கேம் எழுதுகிறவர்களிடம் இன்னும் போதவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கேம்கள் ஏன் இதில் அதிகம் மாட்டுகின்றன? வெப்சைட்டுகளில் பெரும்பாலானவை டிசிபி என்ற முறையில் பேசும். பேச்சு தொடங்கும் முன் இரண்டு பக்கமும் மூன்று சிறு பாக்கெட்டுகளைப் பரிமாறிக்கொள்ளும். சொன்ன முகவரியில் ஆள் உண்மையிலேயே இருக்கிறாரா என்பது அங்கேயே தெரிந்துவிடும். வழியில் தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பவும் அதில் ஏற்பாடு உண்டு. சுடும் விளையாட்டுக்கு இந்த நிதானம் ஒத்துவராது. கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற கேமில் சர்வர் நொடிக்கு 64 முறை களத்தைப் புதுப்பிக்கிறது. அரை நொடிக்கு முன்னால் எதிரி நின்ற இடம் தொலைந்துபோனால் அதைத் திரும்ப வாங்கி என்ன செய்ய? அடுத்தது வந்தால் சரி. அதனால் இந்த வகை கேம்கள் யுடிபி என்ற இன்னொரு முறையைப் பிடித்துக்கொண்டன. யுடிபியில் முன்னறிமுகம் கிடையாது. அனுப்புநர் முகவரி என்ற இடத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். அதைச் சரிபார்க்கும் பொறுப்பு முழுக்க கேம் எழுதுகிறவர் தலையில் விழுகிறது. அவருக்கோ வேகம்தான் முக்கியம்.

ஒரு பாக்கெட்டைப் பிரித்தே பார்த்துவிடலாம். ஆட்டக்காரர் தன் பெயரைச் சர்வருக்கு அனுப்புகிறார் என்று வையுங்கள். முதல் நான்கு பைட்டில் பெயரின் நீளம், அப்புறம் பெயர். சர்வர் நீளத்தைப் படிக்கிறது, 32-க்கு மேல் இருக்கக் கூடாது என்று சோதிக்கிறது, பிறகு அத்தனை பைட்டைத் தன் மெமரியில் நகலெடுக்கிறது. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. இப்போது ஒருவன் நீளம் என்ற இடத்தில் மைனஸ் 1 என்று எழுதி அனுப்புகிறான். மைனஸ் 1 என்பது 32-ஐ விடச் சின்ன எண், ஆகவே சோதனையில் பாஸ். அடுத்த வரியில் நகலெடுக்கும் கட்டளை அதே எண்ணைக் குறி இல்லாத எண்ணாக, அதாவது மைனஸே கிடையாது என்று, எடுத்துக்கொள்கிறது. நான்கு பைட்டில், அதாவது 32 பிட்டில், மைனஸ் 1-ஐ அப்படிப் படித்தால் வருவது 4,294,967,295. 429 கோடி பைட்டை நகலெடுக்கப் போன புரோகிராம் தனக்கு உரிமையில்லாத மெமரியைத் தொடுகிறது. ஆபரேட்டிங் சிஸ்டம் அந்த நொடியே அதை நிறுத்திவிடுகிறது. சர்வரில் இருந்த அத்தனை பேரும் வெளியே. அனுப்பிய பாக்கெட்டோ ஒரு குறுஞ்செய்தி அளவுகூட இருக்காது.

சோதிக்கும் வரியில் ‘பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது’ என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் தீர்ந்தது. இந்த ஒரு நிபந்தனையும் இதன் உறவுக்காரப் பிழைகளும் எத்தனை கேமில் விட்டுப்போயிருந்தன என்பதை 2000-களில் லூயிஜி ஆரியெம்மா என்ற இத்தாலிய ஆய்வாளர் ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டுக் காட்டினார். 2004-இல் பல கேம்களுக்கு அடித்தள மென்பொருளான அன்ரியல் எஞ்சினில், சர்வரின் விவரம் கேட்கும் ஒரு சின்ன வசதியில் அவர் கண்ட பிழை, அந்த எஞ்சினில் செய்த பல கேம்களையும் ஒரே அடியாகப் பாதித்தது. எஞ்சினை விலைக்கு வாங்கிக் கதையும் படமும் மட்டும் சேர்த்து விற்ற நிறுவனங்களுக்கு, தங்கள் சரக்குக்குள் அப்படி ஒரு கதவு திறந்திருப்பதே தெரிந்திருக்காது.

நீளத்தில் பொய் இல்லாமலும் சர்வரைப் படுக்க வைக்கலாம். மைன்கிராஃப்டில் நடந்தது அதுதான். அந்த கேமில் ஒரு பொருளின் விவரங்கள் என்பிடி என்ற வடிவில் போகும். பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் இன்னொரு பட்டியல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அனுப்பும் முன் அதைச் சுருக்கியும் கொள்ளலாம். ஒரே மாதிரியான தகவல் திரும்பத் திரும்ப வந்தால் மிக நன்றாகச் சுருங்கும். அதனால் சில பத்து கிலோபைட்டில் வந்த பாக்கெட், சர்வரில் விரிந்ததும் சில பத்து மெகாபைட் ஆனது. கேம் எழுதப்பட்ட மொழியான ஜாவா ஒவ்வொரு பட்டியலையும் தனித்தனி ஆப்ஜெக்டாக உருவாக்கத் தொடங்கியபோது இடம் இன்னும் பல மடங்கு தேவைப்பட்டது. மெமரி தீர்ந்து சர்வர் நின்றது. அமார் அஸ்கர் என்ற புரோகிராமர் இதை 2013 ஜூலையிலேயே கேமை உருவாக்கிய மோஜாங் நிறுவனத்துக்குத் தெரிவித்தார். சரியான திருத்தம் வரவில்லை. ஏறக்குறைய இரண்டு வருஷம் பொறுத்துவிட்டு 2015 ஏப்ரலில் வெளிப்படையாக எழுதினார். உடனே 1.8.4 பதிப்பு வந்து பிழையை அடைத்தது. இரண்டு வருஷம் கிடப்பில் கிடந்த வேலை, ஊருக்குத் தெரிந்ததும் நடந்தது. எனக்கு இதில் நிறுவனத்தின் மேல்தான் வருத்தம். அந்த இரண்டு வருஷமும் உலகத்தின் ஒவ்வொரு மைன்கிராஃப்ட் சர்வரும் திறந்துதான் கிடந்தது. அவற்றில் பாதியை நடத்தியது பள்ளிக்கூடப் பிள்ளைகளாகக்கூட இருக்கலாம்.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. அதில் கேம் சர்வர் நன்றாகத்தான் ஓடும், அடிபடுகிறவர் வேறொருவர். 1999-இல் வந்த குவேக் 3 அரீனாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சர்வரிடம் ‘இப்போது யார் யார் ஆடுகிறார்கள், என்ன மேப்’ என்று கேட்க ஒரு கேள்வி உண்டு. 255 என்ற மதிப்புள்ள நான்கு பைட், அதை ஒட்டி கெட்ஸ்டேட்டஸ் என்று ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து. மொத்தம் 13 பைட். பதிலாக சர்வர் தன் அமைப்பு விவரங்கள் எல்லாவற்றையும் ஆட்டக்காரர் பட்டியலையும் திருப்பி அனுப்பும். கேட்டது யார் என்று பார்க்காது. இப்போது கேள்வி கேட்கிறவன், அனுப்புநர் முகவரியில் தனக்குப் பிடிக்காத ஒருவரின் முகவரியை எழுதிவிட்டால்? அத்தனை பெரிய பதிலும் அந்த மனிதர் வீட்டு லைனில் போய் இறங்கும். ஆயிரம் சர்வர்களிடம் ஒரே நேரத்தில் இப்படிக் கேட்டால் ஆயிரம் பதில்கள். அமெரிக்காவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான யுஎஸ்-செர்ட் 2014 ஜனவரியில் விடுத்த எச்சரிக்கை, குவேக் வழியாக இப்படிக் கிடைக்கும் பெருக்கத்தை 63.9 மடங்கு என்று குறித்தது. வால்வ் நிறுவனத்தின் கேம் தளமான ஸ்டீமின் நெறிமுறைக்கு 5.5 மடங்கு. கடிகார நேரம் சொல்லும் என்டிபிக்கு 556.9 மடங்கு. 2013 கடைசியில் பெரிய கேம் நிறுவனங்களின் சர்வர்களை அடித்துச் சாய்த்த தாக்குதல்களுக்கு அந்த என்டிபிதான் கைகொடுத்தது.

மருந்து எளிமையானது. பெரிய பதிலைக் கொடுக்கும் முன் ஒரு சின்ன எண்ணை அனுப்பி, ‘இதைத் திருப்பிச் சொல்’ என்று கேட்க வேண்டும். பொய் முகவரிக்காரனுக்கு அந்த எண் போய்ச் சேராது, அவனால் திருப்பிச் சொல்லவும் முடியாது. கவுண்டர் ஸ்ட்ரைக்கை வெளியிடும் வால்வ் நிறுவனம் சர்வர் விவரக் கேள்விக்கு இந்த ஏற்பாட்டை 2020-இன் இறுதியில் சேர்த்தது. 2021 மே மாதம் இணையத் தரநிலையாக வெளிவந்த, யுடிபி மேல் ஓடும் குவிக் நெறிமுறை இதை விதியாகவே எழுதிவைத்திருக்கிறது: எதிராளியின் முகவரி உறுதியாகும்வரை, வந்த தகவலைப் போல மூன்று மடங்குக்கு மேல் சர்வர் பதில் அனுப்பக் கூடாது. பொய் முகவரியோடு வரும் பாக்கெட்டை இன்டர்நெட் கம்பெனியே வாசலில் நிறுத்தலாம் என்ற யோசனை 2000 மே மாதமே ஆவணமாக வந்துவிட்டது. இன்னும் எல்லா நெட்வொர்க்கும் அதைச் செய்யவில்லை.

போலி ஆட்டக்காரர்களால் இடத்தை நிரப்புவதும் பழைய உத்திதான். 32 பேர் ஆடும் சர்வரில் 32 பொய் இணைப்புகள் உள்ளே நுழைந்து சும்மா நின்றால் நிஜ ஆள் யாரும் நுழைய முடியாது. ஒரே முகவரியிலிருந்து இத்தனை இணைப்புதான் என்று வரம்பு வைத்து, பேசாமல் நிற்பவரைச் சீக்கிரம் வெளியேற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வெள்ளத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 2014 கிறிஸ்துமஸ் அன்று பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டின் நெட்வொர்க்கும் தாக்குதலில் முடங்கின. புது கேம் கன்சோலைப் பரிசாக வாங்கிய பிள்ளைகள் அதைத் திறந்து ஆட முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். 2016-இல் வந்த மிராய், கடவுச்சொல் மாற்றாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்துப் படை சேர்த்த மென்பொருள். அதை எழுதியவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள். அவர்கள் கண் வைத்திருந்த இடங்களில் முக்கியமானது மைன்கிராஃப்ட் சர்வர் வியாபாரம். போட்டி சர்வர்களையும், அவற்றுக்குப் பாதுகாப்பு விற்ற நிறுவனங்களையும் அடித்தார்கள். மூலநிரல் வெளியே போனதும் 2016 அக்டோபர் 21 அன்று, தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டின் நிறுவனம் தாக்கப்பட்டு அமெரிக்காவின் பல பெரிய தளங்கள் சில மணி நேரம் கிடைக்காமல் போயின. 2017 டிசம்பரில் மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மிராயின் ஒரு வகை 2022-இல் வின்கிராஃப்ட் என்ற ஒரே மைன்கிராஃப்ட் சர்வர் மேல் நொடிக்கு 2.5 டெராபிட் கொட்டியது.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அன்டோரா. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் மலைக்குள் இருக்கும் குட்டி நாடு. மக்கள்தொகை ஒரு லட்சம்கூடக் கிடையாது, நம் திருநெல்வேலி மாநகராட்சியில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. 2022 ஜனவரியில் ஒரு பெரிய மைன்கிராஃப்ட் போட்டி நடந்தது. அதில் ஆடிய பலர் அன்டோராவில் வசிப்பவர்கள். அவர்களை வெளியேற்ற, அந்த நாட்டின் ஒரே தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மேல் தாக்குதல் விழுந்தது. ஆட்டக்காரர்கள் போட்டியிலிருந்து விழுந்தார்கள். அவர்களோடு நாட்டின் இன்டர்நெட்டும் விட்டுவிட்டுப் போனது.

நம் தெருக்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. இங்கே பல சின்ன இன்டர்நெட் சேவைகளில் ஒரு பொது முகவரிக்குப் பின்னால் ஏகப்பட்ட வீடுகள் இருக்கும். முகவரிகள் பற்றாக்குறையால் வந்த ஏற்பாடு அது, மொபைல் நெட்வொர்க்கிலும் அப்படித்தான். ஆட்டக்காரர்களின் மெஷின்களே ஒன்றோடொன்று நேரடியாகப் பேசும் கேமில் எதிராளிக்கு நம் பொது முகவரி தெரிந்துவிடும். கோபத்தில் அவன் வாடகைக்குத் தாக்குதல் நடத்தும் தளம் ஒன்றில் காசு கட்டி அந்த முகவரியை அடித்தால், ஆடிய பையனோடு சேர்ந்து பக்கத்து வீட்டு அக்காவின் ஆபீஸ் மீட்டிங்கும் எதிர்வீட்டுத் தாத்தா அமெரிக்காவில் இருக்கும் பேத்தியோடு பேசும் வீடியோ காலும் அறுந்துபோகும். 2018 டிசம்பரில் அமெரிக்க எஃப்பிஐ இப்படிப்பட்ட 15 வாடகைத் தளங்களையும், 2022 டிசம்பரில் 48 தளங்களையும் முடக்கியது. புதிது முளைத்துக்கொண்டேதான் இருக்கிறது.

சரி, ஓட்டைக்குத் திரும்புவோம். ஓட்டை அதிகம் தங்குவது பழைய கேமில். நம் பக்கத்து பிரவுசிங் சென்டர்களிலும் காலேஜ் விழாக்களின் கேமிங் போட்டிகளிலும் இன்னும் கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 ஓடுகிறது. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், எல்லாருக்கும் ஆடத் தெரியும். பெரும்பாலும் யாரோ பென் டிரைவில் கொண்டுவந்த, காசு கொடுக்காத பிரதி. அதற்கு அப்டேட் வராது. எத்தனையோ வருஷத்துக்கு முன் அடைக்கப்பட்ட பிழைகள் அந்தப் பிரதியில் அப்படியே இருக்கும். “அண்ணாச்சி, சர்வர் போயிட்டு” என்று ஒருவன் குரல் கொடுப்பான். அண்ணாச்சி வந்து ரீஸ்டார்ட் பண்ணுவார். ஏன் போனது என்று யாரும் பார்ப்பதில்லை.

பார்ப்பது கஷ்டமும் இல்லை. சர்வர் புரோகிராமே மூடிப்போயிருந்து நெட் லைன் காலியாக இருந்தால் அது கிராஷ், ஓட்டையைத் தேட வேண்டும். நடந்ததைச் சர்வர் குறித்துவைக்கும் லாக் ஃபைலின் கடைசிச் சில வரிகளில், விழுவதற்குச் சற்று முன் இணைந்தவர் யார் என்று இருக்கும். ஒவ்வொரு முறையும் அதே ஆள், அதே மாதிரி விசித்திரமான பெயர் என்றால் விஷயம் புரிந்துவிடும். புரோகிராம் ஓடிக்கொண்டிருந்து லைன் மட்டும் நிரம்பி வழிந்தால் அது வெள்ளம். அதற்கு நம் மெஷினில் செய்ய அதிகம் இல்லை, இன்டர்நெட் கொடுப்பவரிடம்தான் பேச வேண்டும். காலேஜ் விழாவுக்கு சர்வர் போடும் மாணவர்கள் ஒன்று செய்யலாம். போட்டி வளாகத்துக்குள் மட்டும் நடக்கிறது என்றால், 27015 போன்ற கேம் போர்ட்டை (சர்வரின் வாசல் எண்) வெளி உலகத்துக்குத் திறந்துவிட வேண்டிய அவசியமே இல்லை. ரௌட்டரில் அதை மூடிவிட்டாலே வெளியாளின் கை எட்டாது. குவேக் 3-இன் மூலநிரலை அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 2005 ஆகஸ்டில் பொதுவில் விட்டது. அதை எடுத்து ஆர்வலர்கள் பராமரிக்கும் ஐஓகுவேக்3 பதிப்பில், விவரக் கேள்விக்கு இத்தனை வேகத்தில்தான் பதில் என்ற வரம்பு உண்டு. பழைய கேமை ஆட ஆசையிருந்தால் அப்படிப் பராமரிப்பில் உள்ள பதிப்பாகத் தேடி ஆடுவது நல்லது.

‘வெறும் கிராஷ்தானே, டேட்டா எதுவும் போகலையே’ என்று சொல்லும் பழக்கம் மென்பொருள் துறையில் இருக்கிறது. முன்னனுமதி எதுவும் இல்லாமல் தூரத்திலிருந்தே சர்வரை நிறுத்தக்கூடிய பிழைக்கு, பிழைகளின் ஆபத்தை அளக்கப் பொதுவாகப் பயன்படும் சிவிஎஸ்எஸ் 3.1 அளவுகோலில் 10-க்கு 7.5 மதிப்பெண். அது ‘அதிக ஆபத்து’ வகையில் சேரும். அதைவிட முக்கியமாக, கிராஷ் என்பது பல நேரம் பெரிய ஓட்டையின் முதல் அறிகுறி. மேலே சொன்ன நீளப் பிழையையே எடுங்கள். கைதேர்ந்த ஒருவர் எண்ணைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தால், சர்வரை நிறுத்துவதற்குப் பதிலாகத் தன் கட்டளையை அதில் ஓட்டலாம். 2022 ஜனவரியில் டார்க் சோல்ஸ் கேம்களின் கம்ப்யூட்டர் பதிப்புக்கான ஆன்லைன் சேவையை நிறுவனமே நிறுத்த நேர்ந்தது இந்த வகை ஓட்டையால்தான். சேவை திரும்பத் தொடங்க மாதக்கணக்கானது. 2021 டிசம்பரில், ஜாவா புரோகிராம்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே மென்பொருளின் ஓட்டை வெளிவந்தபோது மைன்கிராஃப்ட் சாட்டில் ஒரு வரி தட்டினாலே போதும் என்ற நிலை இருந்தது. அதை அடைக்க வந்த திருத்தங்களில் ஒன்றான 2.16-இலேயே, முடிவில்லாமல் தன்னைத்தானே அழைத்துக்கொண்டு சர்வர் விழும் இன்னொரு பிழை இருந்தது. 2.17 வந்துதான் அது தீர்ந்தது.

டைட்டன்ஃபால் என்ற சுடும் கேமின் ரசிகர்களுக்கு நடந்தது இன்னும் மோசம். தாக்குதல்களால் மேட்ச் ஆடவே முடியாமல் பல மாதம் கிடந்தது. 2021 டிசம்பரில் முதல் பாகம் விற்பனையிலிருந்தே எடுக்கப்பட்டது. காசு கொடுத்து வாங்கியவரின் கேம் இப்படிப் போவதைத் திருட்டு என்றுதான் நான் சொல்வேன்.

நம் பிள்ளைகளில் சிலருக்கு இதைக் கண்டுபிடிக்கும் மூளை இருக்கிறது. பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் நெட்வொர்க் பாடம் படிப்பவர்கள், லைனில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து தங்கள் கேமின் பாக்கெட்டுகளைப் பார்ப்பது சகஜமாகி வருகிறது. அவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், உரிமையுள்ளவருக்கு ஒரு கம்ப்யூட்டரின் பயன்பாட்டை மறுப்பதை 43-ஆம் பிரிவில் தவறாகக் குறிக்கிறது. கெட்ட நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று வருஷம்வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்தவர் சர்வரில் ‘சும்மா சோதித்துப் பார்த்தேன்’ என்பது அங்கே எடுபடும் என்று நம்பி இறங்கக் கூடாது. சொந்த லேப்டாப்பில் சர்வரை ஏற்றி, நெட்டைத் துண்டித்துவிட்டு, அங்கே சோதிக்கலாம்.

கிராஷ் கிடைத்தால் முதலில் கேமை உருவாக்கிய நிறுவனத்துக்கு எழுதுங்கள். வால்வ் போன்ற நிறுவனங்கள் பிழை அறிக்கைகளை ஹேக்கர்ஒன் தளம் வழியாக வாங்கிக்கொள்கின்றன. அனுப்பும் முன் விதிகளைப் படிக்க வேண்டும், வெள்ளத் தாக்குதலைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. கடிதத்தில் கேமின் பதிப்பு எண், ஆபரேட்டிங் சிஸ்டம், பாக்கெட்டின் பைட்டுகள் வரிசையாக, விழுந்த நேரத்து லாக், மறுபடி விழ வைக்கும் படிகள் இவை இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு எழுதலாம். அவர்கள் நிறுவனத்தோடு பேசுவார்கள். பிழையை உலகளவில் அடையாளம் காட்டும் சிவிஇ எண் கொடுக்கும் அதிகாரமும் பெற்றவர்கள். திருத்தம் வர 90 நாள் பொறுப்பது துறையில் பரவலான வழக்கம்.